அவளுக்கு வந்தது, நான் தேடியது

எங்கள் வீட்டில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன.
சுபோ அக்காவுக்கு வருத்தம் வரும்.
நான் காயத்தைத் தேடிக்கொள்வேன்.

வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கும்
காலி வீதிக்கும் நடுவே, மூன்றாம் மாடி.
கடலுப்பு யன்னல் கம்பியைத் தின்றது.
அவள் நெஞ்சையும் அதுதான் தின்கிறது என்றார் அப்பா.
டொக்டர் தூசி என்றார்.
அம்மா இருவரையும் நம்பாமல்
விடியும்வரை அவள் மூச்சை எண்ணினாள்.
ரயில் போகையில் மட்டும் கணக்குத் தவறும்,
திரும்ப ஒன்றிலிருந்து.

முட்டு, கூகைக்கட்டு, சின்னமுத்து,
ஒரு வருஷம் செங்கமாரி.
எனக்கு ஒரு தடிமன்கூட ஒழுங்காய்ப் பிடித்ததில்லை.
நாடியில் நாலு தையல், மாடிப்படி.
இடது முழங்கை, கிரிக்கெட்.
முழங்காலில் பிறைபோல் ஒன்று,
ஒழுங்கையில் நின்ற வானின் நம்பர் பிளேட்.

அவளுக்கு ஆப்பிள், தோல் சீவி.
எனக்கு ஏற்பு ஊசி,
ஊசிக்கு முன் ஓர் அடி, பின் ஓர் அடி.

அவளுக்குக் கொப்புளிப்பான் போட்ட கிழமை
களவாய் அவள் பாயில் போய்ப் படுத்தேன்.
அவள் குடித்த கோப்பையில் வாய் வைத்தேன்.
பள்ளிக்கூடம் போகாமல் கண்ணாடி முன் காத்திருக்க
நெற்றியில் ஒன்று எழும்பியது.
நுளம்பு.

பிறகு அந்த இரவு. இரண்டு மணி. ஓட்டோ.
பாலத்தடியில் மறித்தார்கள்.
டோர்ச் வெளிச்சம் அப்பாவின் முகத்தில்,
அடையாள அட்டையில், மறுபடி முகத்தில்.
அப்போது அந்த ஆமிக்காரனுக்குக் கேட்டது,
அக்காவின் நெஞ்சுக்குள் யாரோ
கதிரையை இழுக்கிற சத்தம்.
"யன்ன, யன்ன" என்றான்,
ஓட்டோவைக் கையால் தள்ளாத குறையாக.

எனக்குப் பத்தொன்பதில், அதே பாலத்தடி.
ஷேர்ட்டைக் கழற்றச் சொன்னார்கள்.
முழங்கை, முழங்கால், நாடி.
இது எங்கே. இது எப்போது. யாரோடு.
கிரிக்கெட் என்றேன், என் உடைந்த சிங்களத்தில்,
மூன்று தரம்.
பொழுதுபடும்வரை வாங்கில் இருத்தினார்கள்.

அம்மா வந்தாள், பிஸ்கட் டின்னோடு.
தையல் போட்ட துண்டு, எக்ஸ்ரே,
ஊசிக்கு வாங்கிய ரசீது,
எல்லாம் திகதிவாரியாய்.
அடித்த கைதான் அடுக்கியும் வைத்திருக்கிறது.
வீடு வரும்வரை அவள் பேசவில்லை.
வந்தபின் ஏசினாள்,
எட்டு வயதில் நான் ஏறிய மதிலுக்காக.

இப்போது முப்பத்தெட்டு.
முப்பது வருஷம் பிந்தி
அந்தக் கோப்பை எனக்கு வேலைசெய்கிறது.
உள்ளங்கால்வரை கொப்புளம்.
மனைவிக்கு ஏழு மாதம், தாய்வீட்டுக்கு அனுப்பியாயிற்று.
சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு
ஓடிப்போகிறான் கடைப்பையன்.

இரண்டு பஸ் மாறி ஹெந்தலையிலிருந்து
வந்து நிற்கிறாள் சுபோ அக்கா,
யாருடையவோ மதிலால் எட்டி ஒடித்த வேப்பிலையோடு.
தட்டவுமில்லை.
"எனக்கு வந்து போனது, தள்ளு."

கைப்பைக்குள் இன்ஹேலர். ஒரு ஆப்பிள்.
தோல் சீவவில்லை.
"பல்லிருக்குத்தானே?"

இரவு. சொறிய விடாமல்
என் கையைப் பிடித்திருந்தவள்
முழங்கைத் தழும்பில் விரலை வைத்தாள்.
"இது உடைஞ்ச நேரம் சத்தம் கேட்டதா உனக்கு?"
ஞாபகமில்லை என்றேன்.
"எனக்குக் கேட்டது.
தலையில் துவாயைப் போட்டு
ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன், யன்னலடியில்.
நீ விழுந்ததைப் பார்த்தேன்.
அழவில்லை நான்.
இவனுக்கு விழவும் ஒரு இடமிருக்கே
என்று நினைத்தேன்."

என்ன சொல்வதென்று நான் யோசிக்கும்போதே
கதிரையில் சாய்ந்து தூங்கிப்போனாள்.
உடம்பு முழுக்கத் தினவு.
அவள் நெஞ்சுக்குள் பழைய கதிரை,
மிக மெல்ல, ஒரு காலை மட்டும் நகர்த்துகிறது.

முப்பத்தாறு. முப்பத்தேழு.

பாணந்துறை ரயில்.

ஒன்று.